இணையக் கடையின் வேகமும் அதனை அளந்தறியும் முறையும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

இச்சபையில் கல்வி அபிவிருத்தியைப் பற்றியும், விவாகச் செலவுகளைக் குறைப்பது பற்றியும், கூட்டு வியாபாரத்தைப் பற்றியும் பெரியோர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் சற்றுப் புதியது. எனினும் நம் ஜீவனத்தை நேரே தொடுவது. நம்மவருள் கடை வைத்திருப்போர் பலர் தத்தம் வியாபாரத்திற்கென ஓர் இணையத்தளத்தையும் ஏற்படுத்தி, அதற்காகப் பொருளும் செலவிட்டிருக்கின்றனர். அத்தளம் எவ்வளவு விரைவில் திறக்கின்றது, திறந்தபின் வாங்க வந்தவரிடம் எவ்வாறு நடந்துகொள்கின்றது, அதனால் கடைக்கு விளைந்த லாபம் யாது என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டால், விடை கூற வல்லார் மிகச் சிலரே. இம்மூன்றையும் அளப்பது எங்ஙனம், அளந்தபின் திருத்துவது எங்ஙனம் என்பனவற்றையே இன்று சொல்லப் புகுகின்றோம்.

கண்ணுக்குத் தெரியாத நஷ்டம்

கடைவீதியில் உள்ள நம் கடையின் படியேறி ஒருவர் வருகிறார். கவனிக்க ஆளில்லை. சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார். கல்லாவில் அமர்ந்திருக்கும் நாம் அதனைக் காண்கிறோம், உடனே எழுந்து, “வாருங்கள் அம்மா, என்ன வேண்டும்?” என்று அழைக்கிறோம். இணையக் கடையிலோ அவ்விதம் திரும்பிப் போனவரை நாம் காண்பதில்லை. பக்கம் திறக்கத் தாமதமாயிற்று என்று அவர் நமக்குக் கடிதம் எழுதப் போவதுமில்லை. ஒரு விரலசைவில் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். வராதவருக்குக் கணக்கில் பற்றும் இல்லை, வரவும் இல்லை. ஆதலின் இந்நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. “இணையத்தளம் வைத்தும் பிரயோஜனமில்லை” என்று நம்மவர் பலர் சலித்துக்கொள்வதற்கு இஃதொரு முக்கிய காரணமாம்.

இதன் பலன் யாதெனில், சொந்தத் தளத்தைக் கைவிட்டுப் பெரிய அங்காடித் தளங்களை நாடுகிறோம். அவற்றுள் பலவற்றில் விற்பனைக்குத் தக்க தரகு கொடுக்க வேண்டும். வாங்கினவர் யார், மறுபடி எப்போது வருவார் என்பன போன்ற தொடர்புகளும் பெரும்பாலும் அவர்கள் வசமே நின்றுவிடும். பாட்டன் காலந்தொட்டு நம் கடைக்கென்று வந்தவர்கள், இனி அங்காடியின் வாடிக்கைக்காரர்கள் ஆகிவிடுகின்றனர். சொந்த வாசலைச் சரிவரத் திறந்து வைப்பது எத்துணை அவசியம் என்பது இதனால் விளங்கும்.

பொறுமையின் எல்லை

மனிதர்கள் எவ்வளவு நேரம் பொறுப்பார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் உளர். யாக்கப் நீல்சன் என்னும் அறிஞர் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளைக் குறித்தார். பத்தில் ஒரு வினாடிக்குள் விடை வந்தால், தாமதமே இல்லையென்று மனம் கொள்ளும். ஒரு வினாடி வரையில், தாமதம் தெரிந்தாலும் எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து வினாடி கடந்தால், கவனம் வேறொன்றின்மேற் சென்றுவிடும். இயந்திரங்கள் எவ்வளவோ மாறியும் மனித மனத்தின் இயல்பு மாறவில்லையாதலால், இவ்வெல்லைகள் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

வேகத்தினால் விற்பனை கூடுமோ என்று ஐயுறுவோர்க்கு ஒரு திருஷ்டாந்தம் கூறுவோம். இத்தாலி தேசத்தில் வோடஃபோன் நிறுவனத்தார் 2021இல் வெளியிட்ட ஒரு பரீட்சை அது. கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு பக்கங்களை அவர்கள் வைத்தனர். ஒன்று பழையது, மற்றொன்று வேகம் மட்டும் திருத்தப்பட்டது. வந்தவர்களைப் பாதிப் பாதியாக இரண்டிற்கும் அனுப்பினர். பக்கத்தின் பிரதான பகுதி தோன்றும் நேரம் நூற்றுக்கு 31 பங்கு திருந்திய இடத்தில், விற்பனை நூற்றுக்கு 8 பங்கு மிகுந்தது. அஃது ஆயிரக்கணக்கானோர் வந்து செல்லும் பெருங்கடை. நம் கடைக்கும் அதே எட்டுப் பங்கு கிட்டுமென்று நாம் கூறவில்லை. பண்டமும் விலையும் தோற்றமும் மாறாதிருக்க, தாமதம் ஒன்று குறைந்தமையாலேயே வாங்குவோர் மிகுந்தனர் என்னும் உண்மையே நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது.

எந்தக் கருவியில் பார்ப்பது?

நம் தளம் வேகமாகத்தான் திறக்கிறது என்று சொல்வோர் பெரும்பாலும் தம் கடையிலுள்ள கம்ப்யூட்டரிலோ, விலையுயர்ந்த கைப்பேசியிலோ, கம்பிவழி இணைப்பில் பார்த்துச் சொல்கின்றனர். அன்றியும் தினந்தோறும் தம் தளத்தைத் தாமே திறப்பதால், படங்கள் எல்லாம் அக்கருவியிலேயே முன்னமே சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டாம் முறை அவை புதிதாய் வரவேண்டுவதில்லை. இது, கடைக்காரர் தம் கையால் தராசுத் தட்டைத் தாங்கிக்கொண்டு எடை பார்ப்பதை ஒக்கும்.

வாங்க வருகிறவரோ, மூன்று நான்கு வருஷம் உழைத்த சாமானியக் கைப்பேசியுடன், பஸ்ஸில் அமர்ந்தபடியோ, சமையலறையில் நின்றபடியோ, முதன்முறையாக நம் பக்கத்தைத் திறக்கிறார். அளவை அவருடைய கருவியில், அவருடைய இணைப்பில் நிகழ வேண்டும். வீட்டிலுள்ள பழைய கைப்பேசி ஒன்றை எடுங்கள். வைஃபையை நிறுத்திவிடுங்கள். முன் சேமிப்பு உதவாதபடி இன்காக்னிட்டோ என்னும் தனி ஜன்னலைத் திறந்து, தள முகவரியை இட்டு, கடிகாரத்தைப் பார்த்து வினாடிகளைக் குறியுங்கள். ஒருமுறை பார்த்து முடிவு செய்யலாகாது; ஒவ்வொரு முறையும் தனி ஜன்னலை மூடித் திறந்து ஐந்து முறை பார்த்து, ஐந்தையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் மூன்றாவது எண்ணைக் கொள்ளுக. ஜனங்கள் அதிகமாக இணையத்தைப் புழங்கும் மாலை வேளையிலும் ஒருமுறை இவ்வண்ணமே செய்க. தேதி, நேரம், கருவி, வினாடி என நான்கு பத்திகள் இட்ட ஒரு நோட்டுப் புத்தகமே இதற்குப் போதும்.

மூன்று அளவைகள்

கடிகாரத்தோடு நில்லாமல் நுட்பமாக அறிய விரும்புவோர்க்குக் கூகுள் நிறுவனத்தாரின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்னும் கருவி இலவசமாகக் கிடைக்கின்றது. நம் தள முகவரியை அதில் இட்டால் சிறிது நேரத்தில் விவரங்களைக் காட்டும். அவற்றுள் நாம் கருத்தில் வைக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, எல்.ஸி.பி. என்பது. முதல் திரையில் உள்ள மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ கண்ணுக்குத் தோன்ற எடுக்கும் நேரம் இது. 2.5 வினாடிக்குள் இருப்பின் நன்று. 4 வினாடியைக் கடப்பின் தீது.

இரண்டாவது, ஐ.என்.பி. என்பது. வந்தவர் ஒரு பொத்தானை அழுத்தியபின், அழுத்தியதற்கு அடையாளமாகத் திரையில் மாறுதல் தோன்றும் வரையில் கழியும் நேரம் இது. 200 மில்லி வினாடிக்குள், அதாவது ஐந்தில் ஒரு வினாடிக்குள் இருப்பின் நன்று; 500ஐக் கடப்பின் தீது. இவ்வளவை 2024 மார்ச்சு மாதத்தில்தான் வேறோர் அளவையின் ஸ்தானத்தில் கொண்டுவரப்பட்டது.

மூன்றாவது, ஸி.எல்.எஸ். என்பது. இது நேரத்தைக் குறிப்பதன்று. பக்கத்தின் ஆட்டத்தைக் குறிப்பது. விலையைப் பார்த்து “வாங்குக” என்னும் பொத்தானில் விரல் வைக்கப் போகும் தருணத்தில், மேலே ஒரு விளம்பரப் படம் தாமதமாக வந்து விழ, பொத்தான் கீழே நழுவி, விரல் வேறொன்றின்மேற் படுகிறது. இந்த உபத்திரவத்தை நம்மில் அனுபவியாதார் இல்லை. இதன் எண் 0.1க்குள் இருப்பின் நன்று, 0.25ஐக் கடப்பின் தீது.

இம்மூன்றும் யாரோ ஒருவருக்கு நன்றாயிருந்தாற் போதாது. வந்து சென்ற நூறு தடவைகளில் 75 தடவைகளிலாவது எல்லைக்குள் அமைதல் வேண்டும் என்பது விதி.

மேற்படி கருவி காட்டும் விவரத்தில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, கழிந்த 28 நாட்களில் மெய்யாகவே வந்து சென்றவர்களின் அனுபவத்தைத் திரட்டியது. மற்றொன்று, மத்தியதரக் கைப்பேசியையும் மெதுவான இணைப்பையும் பாவனை செய்து அந்நேரத்தில் நடத்தும் பரீட்சை. சிறு கடைகளின் தளங்களுக்கு முதற்பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். திரட்டுவதற்குப் போதிய அளவு ஜனங்கள் வராமையே காரணம். அதனால் மனந்தளர வேண்டுவதில்லை. முன் கூறிய நோட்டுப் புத்தகமே அக்குறையை நிரப்பும். இரண்டாம் பகுதியில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் வட்டமாகக் காட்டப்படும். அது பரீட்சைக்குப் பரீட்சை சற்று ஏறியும் இறங்கியும் நிற்கும். வாங்க வந்தவர் அம்மதிப்பெண்ணைக் காண்பதில்லை. அவர் காண்பது தாமதத்தை மட்டுமே. ஆதலின் மதிப்பெண்ணுக்குக் கீழே எழுதியுள்ள காரணங்களைப் படிப்பதே விவேகம்.

படங்களின் பாரம்

தாமதத்திற்குரிய காரணங்கள் பலவாயினும், சிறு கடைகளின் தளங்களில் முதலில் நோக்க வேண்டியது படங்களின் பாரமாம். கணக்கிட்டுப் பார்ப்போம். பித்தளை விளக்குகள் விற்கும் ஒரு கடையின் முதற்பக்கத்தில் பன்னிரண்டு விளக்குகளின் படங்கள் உள்ளன என்றும், அவை கைப்பேசியில் எடுத்தபடியே ஒவ்வொன்றும் 4 மெகாபைட் பாரத்துடன் ஏற்றப்பட்டுள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தம் 48 மெகாபைட். மேற்படி கருவி பாவனை செய்யும் மெதுவான இணைப்பில் வினாடிக்கு ஏறத்தாழ 0.2 மெகாபைட்தான் வரும். எனவே படங்கள் முற்றும் வந்து சேர 240 வினாடி, அதாவது நான்கு நிமிஷம் ஆகும்! வந்தவரின் நேரம் ஒருபுறமிருக்க, அவர் தம் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவையும் அன்றோ நாம் வீணே செலவிடுகிறோம்?

பரிகாரம் எளிது. கைப்பேசியில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளிகள் கொண்டதாயின், அதில் உள்ளவை 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். பார்ப்பவரின் கைப்பேசித் திரையின் அகலமோ பெரும்பாலும் 1080 புள்ளிகளுக்கு மேற்படுவதில்லை. படத்தை அந்த அகலத்திற்குக் குறைத்தால் புள்ளிகள் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்காகிவிடும். திரையில் தோற்றம் குன்றாது. பின்னர் வெப்பி என்னும் வடிவத்திற்கு மாற்றினால் பாரம் மேலும் குறையும். இவ்விரண்டையும் இலவசமாகச் செய்து தரும் கருவிகள் உள. ஸ்குவூஷ் என்பது அவற்றுள் ஒன்று. இவ்வாறு ஒவ்வொரு படமும் 100 கிலோபைட் ஆயிற்றென்று கொண்டால், பன்னிரண்டும் சேர்ந்து 1.2 மெகாபைட்; அதே இணைப்பில் ஆறு வினாடி. அன்றியும், திரையில் இன்னும் தோன்றாத கீழ்ப்படங்களை, வந்தவர் கீழே இறங்கும்போது வரவழைத்தாற் போதுமென்று தளத்திற்குக் கட்டளையிடலாம். அப்போது முதலில் வரவேண்டிய படம் ஒன்றே. அதற்கு அரை வினாடி. நான்கு நிமிஷம் அரை வினாடியாயிற்று! இணைப்பு ஏற்படுவதற்கும் பக்கத்தின் மற்றப் பகுதிகளுக்கும் ஆகும் நேரத்தை இக்கணக்கில் சேர்க்கவில்லை. எனினும் படங்களால் உண்டாகும் வேறுபாடு எத்தன்மையது என்பது தெளிவு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தாமதித்து வரவழைக்கும் கட்டளையை முதல் திரையில் உள்ள பெரிய படத்திற்கும் இட்டுவிடலாகாது, இட்டால் எல்.ஸி.பி. நேரம் கூடிவிடும். மேலும், ஒவ்வொரு படத்திற்கும் அகல உயரங்களை முன்னமே எழுதி வைத்தால், படம் வருமுன்பே அதற்குரிய இடம் ஒதுக்கப்படும், பக்கம் ஆடாது.

எழுத்தை எழுத்தாகவே வைத்தல்

நம் தமிழ்க் கடைகளுக்கே உரிய ஒரு வழக்கத்தையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். பண்டிகைச் சலுகை, விலைப்பட்டியல், கடை திறக்கும் நேரம் முதலியவற்றை அழகிய எழுத்துக்களில் சுவரொட்டிபோல் அமைத்து, அதைப் படமாகவே தளத்தில் ஏற்றிவிடுகின்றனர். யூனிகோட் முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டிற்கு மூன்று பைட் வேண்டும். ஆயிரம் குறியீடுகள் கொண்ட அறிவிப்பை எழுத்தாகவே இட்டால் ஏறத்தாழ 3 கிலோபைட்தான். அதையே படமாக்கினால் பல நூறு கிலோபைட் ஆகக்கூடும். அவ்வளவோடு முடியவில்லை. சிறு திரையில் அப்படத்தின் எழுத்துக்கள் மங்கித் தெரியும். கண்பார்வை குன்றியவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டும் கருவிகளுக்கு அவை எட்டுவது அரிது. விலை மாறினால் படம் முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும். தேடுவோர்க்கு நம் பண்டங்களின் பெயர்கள் அகப்பட வேண்டுமாயின், அவை எழுத்தாகவே பக்கத்தில் இருத்தல் நலம். அலங்காரமான எழுத்துருவை வரவழைத்துப் பயன்படுத்துவோர், அது வந்து சேரும் வரையில் கருவியில் உள்ள சாதாரண எழுத்துருவில் காட்டுமாறு அமைத்தால், வந்தவர் வெறுந்திரையைப் பார்த்திருக்க நேராது.

அழையா விருந்தினர்

தளத்தில் நாம் எழுதியவை மட்டும் இருப்பதில்லை. உரையாடற் பெட்டி, யூடியூப் காணொளி, தேசப்படம், முகநூல் விளம்பரக் குறி, தாமே நகரும் படவரிசை என்று பிறருடைய நிரல்கள் பல குடிபுகுந்துவிடுகின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே தன் இடத்திலிருந்து பொருளை வரவழைத்து, கைப்பேசியின் மூளையையும் சிறிது நேரம் தன்வசப்படுத்திக்கொள்ளும். அந்நேரத்தில் வந்தவர் பொத்தானை அழுத்தினால் விடை வராது, ஐ.என்.பி. கெடுவதற்கு இது பெருங்காரணம். 2023 ஜூலை 1ஆம் தேதி முதல் புதிய விவரம் சேர்ப்பதை நிறுத்திவிட்ட பழைய கூகுள் அனலிட்டிக்ஸின் நிரலை இன்னும் நீக்காதிருப்பதும் வேண்டாச் சுமையே.

ஆதலின் ஒவ்வொரு நிரலையும் நோக்கி, இதனால் நமக்கு ஒரு ரூபாயாவது வரவு உண்டா என்று கேட்க வேண்டும். இல்லையேல் விலக்கிவிடுக. தேசப்படத்தைப் பக்கத்தில் பதிப்பதற்கு மாறாக, “கடைக்கு வழி” என்று ஓர் இணைப்பு வைத்தாற் போதும். அழுத்தினால் கைப்பேசியிலுள்ள தேசப்படம் தானே திறக்கும். உரையாடற் பெட்டிக்கு மாறாக வாட்ஸ்அப் இணைப்பு ஒன்று போதும்.

தூரமும் சர்வரும்

சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் ஆராயத் தக்கது. ஒளியிழையில் செய்தி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து நியூயார்க்கிற்கு நேர்தூரம் ஏறக்குறைய 13,500 கிலோமீட்டர். ஆகவே ஒரு செய்தி போய்த் திரும்ப, இடையில் எந்தத் தடையும் இல்லையென்று கொண்டாலும், 0.135 வினாடி ஆகும். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்திப் பக்கத்தின் முதல் எழுத்தைப் பெறுவதற்குள் பொதுவாக மூன்று முறை இவ்வாறு போய்வர வேண்டியிருத்தலின், எதுவும் கண்ணில் படுமுன்பே 0.4 வினாடி கழிந்துவிடும். கடற்கீழ்க் கம்பிகள் நேர்கோட்டில் செல்வதில்லையாதலால் மெய்யான நேரம் இதனினும் மிகும். வாங்குவோர் மதுரையிலும் சேலத்திலும் இருக்க, கடையின் சரக்கறையை அமெரிக்காவில் வைப்பானேன்? இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ உள்ள சர்வரைக் கேட்டுப் பெறுக. அன்றேல், பக்கத்தின் நகலைப் பல ஊர்களில் வைத்து வழங்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்க. கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் சிறு தளங்களுக்கு இதனை இலவசமாகவும் அளிக்கின்றன.

லாபத்தை எண்ணும் முறை

வேகம் கூடிற்று, அதனால் வியாபாரம் கூடிற்றா? “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பர் நம் பெரியோர். வந்தவர் எத்தனை பேர் என்னும் எண்ணைக் கண்டு பலர் மகிழ்கின்றனர். கடைவீதியில் நடந்து போனவர்களை எண்ணுவதால் கல்லா நிறையாது. நாம் எண்ண வேண்டியவை: தொலைபேசிப் பொத்தானை அழுத்தினோர், வாட்ஸ்அப்பில் விசாரித்தோர், கடைக்கு வழி கேட்டோர், பணம் செலுத்தி முடித்தோர் என்பன. இவற்றைத் தற்போதைய கூகுள் அனலிட்டிக்ஸில் குறித்து வைக்கலாம். அது கடினமாகத் தோன்றுமாயின், விசாரித்து வரும் ஒவ்வொருவரிடமும், “எங்கள் கடையை எப்படி அறிந்தீர்கள்?” என்று கேட்டு நாள்வழியில் ஒரு கோடு இழுத்து வைப்பதும் நல்ல கணக்கேயாம்.

சிறு எண்களைக் கண்டு ஏமாறலாகாது. சென்ற மாதம் 300 பேர் வந்து 6 பேர் வாங்கினர். தளத்தைத் திருத்தியபின் இம்மாதம் 300 பேரில் 9 பேர் வாங்கினர் என்று கொள்வோம். ஒன்றரை மடங்கு என்று துள்ளத் தோன்றும். ஆனால் இத்துணைச் சிறிய எண்களில் மூன்று பேர் கூடுவதும் குறைவதும் காரணமின்றியே நிகழக் கூடியன. ஒரு திருமண முகூர்த்த மாதம் போதும், எண்ணைப் புரட்டிவிட. ஆதலின் மூன்று நான்கு மாதங்களைத் திரட்டிப் பார்க்க வேண்டும். தீபாவளி மாதத்தைச் சென்ற ஆண்டின் தீபாவளி மாதத்தோடும், ஆடி மாதத்தை ஆடி மாதத்தோடும் ஒப்பிட வேண்டும். அன்றியும் ஒரு தடவைக்கு ஒரு திருத்தமே செய்க. படங்களைக் குறைத்து, சர்வரை மாற்றி, பண்டங்களின் விலையையும் தள்ளிக் கொடுத்துவிட்டால், வந்த பலன் எதனால் வந்தது என்று எவராலும் கூற இயலாது. வினாடிகளின் அளவை உடனே தெரியும்; ரூபாயின் அளவை மெல்லத் தெரியும். முன்னதைக் கொண்டு வேலையையும், பின்னதைக் கொண்டு செலவையும் தீர்மானிப்பதே முறை.

சாவி யார் கையில்?

மேற்சொன்ன திருத்தங்களைச் செய்யத் தொடங்கும்போதே நம்மவருள் சிலர் ஒரு சங்கடத்தைக் காண்பர். தளத்தின் பெயர் யார் பெயரில் பதிவாகியுள்ளது, சர்வரின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டால், தளம் செய்து கொடுத்தவரிடம் என்பர். கடை நம்முடையது, சாவி பிறர் கையில் என்றால் அது முறையாகுமோ? கட்டினவர் எத்துணை நல்லவராயினும் நாளை ஊர் மாறலாம், தொழில் மாறலாம். தளத்தின் பெயர் கடைக்காரரின் பெயரிலேயே பதிவாதல் வேண்டும். கடவுச்சொற்கள் வீட்டுப் பத்திரங்களோடு இருத்தல் வேண்டும்.

“உங்கள் தளத்திற்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் வாங்கித் தருகிறோம்” என்று சொல்லிப் பெருந்தொகை கேட்போரும் வருகின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டியவை மூன்றே: இப்போது சாமானியக் கைப்பேசியில் எத்தனை வினாடி ஆகிறது? நீங்கள் எதை மாற்றப் போகிறீர்கள்? மாற்றியபின் அதே கைப்பேசியில் எத்தனை வினாடி ஆகும்? நாணயமானவர் இம்மூன்றிற்கும் எழுத்தில் விடை தருவார். அளவை நம் நோட்டுப் புத்தகத்தில் இருக்குமாயின் எவரும் நம்மை ஏமாற்ற இயலாது.

நாம் செய்யத் தக்கது

சகோதர சகோதரிகளே! இவ்வளவும் பெரும் படிப்பை வேண்டுவன அல்ல. அளப்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். படங்களைக் குறைப்பதற்கு மற்றொன்று போதும். நம் இல்லங்களில் கல்லூரியில் வாசிக்கும் பிள்ளைகளும் பெண்மக்களும் இருக்கின்றனர். கடையின் கணக்கைப் பெரியவர்கள் எழுதுவதுபோல், தளத்தின் கணக்கை அவர்கள் எழுதட்டும். வீட்டிலிருந்தபடியே ஊறுகாயும் வடகமும் செய்து விற்கும் நம் சகோதரிகளுக்கு இது பெரிதும் உதவியாகும். கடைவீதியில் வாடகை கொடுத்து இடம் பிடிக்க இயலாத அவர்களுக்கு, அந்தக் கைப்பேசித் திரையே கடைவாசல்.

ஆகையால் யாம் வேண்டிக்கொள்வது இது. அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர் ஒவ்வொருவரும், தம் தளம் பழைய கைப்பேசியில் திறக்க எடுத்துக்கொண்ட வினாடிகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவருக. அதற்கடுத்த மாதத்திற்குள் படங்களை மட்டும் திருத்தி, மறுபடி அளந்து, அந்த எண்ணையும் அதனருகில் எழுதுக. தளம் இல்லாதவரும் வந்து பார்த்துச் செல்லலாம். இனி ஒன்று அமைக்கும்போது எதைக் கேட்டு வாங்குவது என்பது அவர்க்கும் விளங்கும். ஒருவர் கண்ட வழியை மற்றவர்க்குச் சொல்லுவதற்கன்றோ சங்கம் என்று கூடினோம்? நம் வாசலில் வந்து நின்று, ஒருவரும் அழையாமையால் திரும்பிப் போவோர் இனிக் குறையக் கடவர்.